மார்கழிக் குளிரில் நிறுத்திய காருக்குள் நாயை விட நேர்ந்தால்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கியதும் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் கிளம்பும் கார்களில், பின் இருக்கையில் குழந்தைகளுக்கு நடுவே ஒரு நாயும் உட்கார்ந்திருப்பதை இப்போது அடிக்கடி காண்கிறோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது அதை யாரிடம் விடுவது என்ற கவலையும், அதுவும் நம்மோடு வரட்டுமே என்ற பாசமும் சேர்ந்து அதை அழைத்துச் செல்ல வைக்கின்றன. மலைக்குப் போன பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. உணவகத்தில் நாயை விடுவதில்லை; கோயிலுக்குள் கொண்டு போக முடியாது; படகுக்குழாமின் வரிசையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. அரை மணி நேரம்தானே, காருக்குள் பத்திரமாக இருக்கட்டும் என்று கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிட்டுப் போகிறோம். அந்த அரை மணி நேரத்தில் காருக்குள் என்ன நடக்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது, தவிர்க்கவே முடியாமல் போனால் என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் இடத்தில் நிறுத்திய காருக்குள் நாயைத் தனியாக விடாமல் இருப்பதே சரியான வழி. நான்கு பேர் போனால் மூவர் சாப்பிடும்போது ஒருவர் நாயோடு இருக்கட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். இதைவிடச் சிறந்த கருவியோ, போர்வையோ, ஏற்பாடோ எனக்குத் தெரிந்து இல்லை. கீழே வருபவை எல்லாம் அந்த ஒருவர் இல்லாத சில நிமிடங்களுக்காகத்தான்.

காருக்குள் குளிர் எப்படி ஏறுகிறது

கடல் மட்டத்திலிருந்து மதுரை சுமார் 130 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி பார்த்தால், தை மாத விடியலில் 20 அல்லது 21 டிகிரியில் தூங்கி எழுந்த நாய், வத்தலக்குண்டு வழியாக மூன்று மணி நேரம் பயணம் செய்து மேலே போனதும், அன்றிரவே 8 டிகிரிக் குளிரைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. சில இரவுகளில் குளிர் அதற்கும் கீழே இறங்கி, ஏரியை ஒட்டிய புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. குளிர் நாட்டு நாய்களுக்கு இலையுதிர் காலம் தொடங்கியதும் வாரக்கணக்கில் உள்மயிர் அடர்ந்து வளர்கிறது. நம் வீட்டு நாய்க்கு அந்த அவகாசம் மூன்று மணி நேரம்தான்.

நிறுத்திய கார் இந்தக் குளிரைத் தடுக்காது. ஹீட்டரை அணைத்த சில நிமிடங்களிலேயே மெல்லிய தகரமும் கண்ணாடியும் உள்ளே இருந்த வெப்பத்தை வெளியே கடத்திவிடுகின்றன. வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் காரின் கூரை சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துபோகும். விடிகாலையில் தரை காய்ந்திருக்க, கார்க் கூரையில் மட்டும் பனி வழிவது இதனால்தான். மூடிய காருக்குள் நாய் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. அந்த ஈரம் இருக்கையிலும் நாயின் மயிரிலும் இறங்குகிறது. நனைந்த மயிர் உடல் சூட்டைத் தக்க வைக்காது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை நினைத்துப் பார்த்தால், தூறலில் நனைந்த நாயை அப்படியே காருக்குள் விட்டுப் போவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். எங்கள் வீட்டுக் கருப்பி சிப்பிப்பாறைக் கலப்பு. ஒட்டிய வயிறு, ஒரு விரலால் தடவினாலே தோல் தெரியும் அளவுக்குக் குட்டை மயிர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாலையில், கொடைக்கானல் ஏரிச் சாலையில் காரை நிறுத்தி, பின் இருக்கையில் அவளுக்கு ஒரு நல்ல கம்பளியைப் போர்த்திவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினோம். கண்ணாடிகள் உட்புறம் முழுக்க வியர்த்துக் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தன. கம்பளி கீழே கிடந்தது. அவள் இருக்கையில்கூட இல்லை; இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில், ரப்பர் விரிப்பின் மேல், மூக்கை வாலுக்கடியில் செருகி, வளையம் போலச் சுருண்டிருந்தாள். காது நுனியைத் தொட்டபோது கிணற்றுத் தண்ணீரில் கை வைத்தது போல இருந்தது. பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்த அம்மா ஒரு சாக்கை எடுத்து வந்து நீட்டி, "தம்பி, மேல போர்த்துறது அப்புறம், முதல்ல அடியில விரிங்க" என்றார். குளிர் கீழிருந்து ஏறுகிறது என்பதையும், மேலே போர்த்தியதை நாய் எப்படியும் உதறிவிடும் என்பதையும் நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

எந்த நாய்க்கு ஆபத்து அதிகம்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் தென்மாவட்ட இனங்கள் எல்லாமே வெயிலுக்கும் கரிசல் காட்டு ஓட்டத்துக்கும் ஏற்ற உடல்வாகு கொண்டவை. கொழுப்பு குறைவு, மயிர் குட்டை, கால்கள் நீளம். ஓட்டத்தில் காற்றாய்ப் பறக்கும் அதே உடல்தான் குளிரில் சூட்டை வேகமாக இழக்கிறது. நாட்டு நாய் எதையும் தாங்கும் என்று பெருமையாகச் சொல்லி அதைக் குளிரில் விடுவது அதற்கு நாம் செய்யும் தீங்கு. லாப்ரடார் போன்ற இனங்களுக்கு உள்மயிர் உண்டு என்றாலும், மதுரையில் மின்விசிறிக்கடியில் வளர்ந்ததற்கு அது மெலிந்தே இருக்கும். பொமரேனியனுக்கு மயிர் அடர்த்தி. ஆனால் உடல் சிறியது, சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும். குட்டிகள், எட்டுப் பத்து வயதைத் தாண்டியவை, மூட்டு வலியோ இதயக் கோளாறோ உள்ளவை, அண்மையில் மயிர் வெட்டப்பட்டவை ஆகியவற்றைக் குளிரில் ஐந்து நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. பொதுவாக 7 டிகிரிக்குக் கீழே போனாலே பெரும்பாலான நாய்களுக்குக் குளிர் உறைக்கத் தொடங்குகிறது. மயிர் குட்டையான நம் நாய்களுக்கு அதற்கு முன்பே உறைக்கும்.

கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு சாக்குகளோ ஒரு தடித்த ஜமுக்காளமோ அடியில் விரிக்கவும், அதன் மேல் வீட்டில் நாய் தினமும் படுக்கும் பழைய துணியும் வேண்டும். புதுத் துணியைவிடத் தன் வாடை உள்ள துணியில்தான் நாய் அடங்கிப் படுக்கும். உடம்பைச் சுற்றிப் பட்டையால் கட்டும் சட்டை இருந்தால், அதை ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் சிறிது நேரம் போட்டுப் பழக்குங்கள். பழகாத நாய் அதைக் கடித்துக் கிழித்து விழுங்கிவிடும். துவட்டுவதற்குக் காய்ந்த துண்டுகள் இரண்டு, ஒரு ஃப்ளாஸ்க் நிறைய வெந்நீர், வெந்நீர் ஊற்றும் ரப்பர் பை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், தண்ணீருக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம் ஆகியவை இருந்தால் போதும். மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் தண்ணீரையும் பெரிய எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோவது நல்லது. போகும் ஊரிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணை மதுரையிலேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் இரவில் கைப்பேசிச் சமிக்ஞையும் கிடைக்காமல், மருந்தகமும் பூட்டியிருக்கும்போது தேடுவது வீண்.

கொண்டை ஊசி வளைவுகளில் நாய்க்கும் வாந்தி வரும். காட்ரோட்டில் மலையேறத் தொடங்குவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிட வேண்டும். ஆனால் மேலே போய்ச் சேர்ந்து, வயிறு அடங்கிய பிறகு, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே உணவு கொடுங்கள். நடுங்கும் உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது. பட்டினி வயிற்றோடு குளிரில் இருக்கும் நாய் சீக்கிரம் தளரும்.

காரை எங்கே, எப்படி நிறுத்துவது

வெயிலில் நிறுத்துவதா, நிழலில் நிறுத்துவதா என்ற கேள்விக்குச் சுலபமான விடை இல்லை. குளிர்கிறதே என்று வெயிலில் நிறுத்தினால், அது இன்னொரு ஆபத்தாக மாறுகிறது. 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த இதமான நாளில், வெயிலில் நிறுத்திய மூடிய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை போகலாம் என்று கண்டார்கள். அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய மாறுதல் எதுவும் இல்லை. கொடைக்கானலின் பகல் வெயில் அதற்குக் குறைந்ததல்ல. காலை பதினொரு மணிக்கு முகத்தில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் மேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. நான்கு மணிக்கெல்லாம் யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் சூரியன் போய்விடும். நீங்கள் நிறுத்தியபோது இருந்த நிலை கால் மணி நேரம் கழித்து இருக்காது என்பதால், எந்த ஏற்பாட்டையும் கால் மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது. பகலில் நிழலும், காற்று நேரே அடிக்காத மறைவும் உள்ள இடமே நல்லது. குளிருக்குப் போர்வை உதவும், வெப்பத்துக்கு எதுவும் உதவாது.

நாய் மேலும் கீழும் நடமாட முடியாதபடி பின் இருக்கையில் ஒரு மூலையை ஒதுக்கி, இரு பக்கமும் பைகளை வைத்து, நடுவில் சாக்கும் ஜமுக்காளமும் விரித்தால், அதன் உடல் சூடே அந்தச் சிறு இடத்தைச் சுற்றி நிற்கும். காலியான பெரிய இடத்தைவிட அது சுருண்டு படுக்கும் அளவுள்ள கூடு அதிகச் சூடாக இருக்கும். கண்ணாடியை எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு விரல் அகலம் மட்டும் இறக்குங்கள். குளிர் வரும் என்று முழுவதும் மூடினால் ஈரம் தேங்கும். அதிகம் இறக்கினால் காற்று நேரே பாயும், தலையையும் நுழைத்துவிடும். கண்ணாடி ஏற்றும் பொத்தானை நாயின் கால் அழுத்தி, அதன் கழுத்தே மாட்டிக்கொள்ளக் கூடும் என்பதால், ஓட்டுநர் பக்கமுள்ள பூட்டுப் பொத்தானை அழுத்திவைக்க வேண்டும். கழுத்துப்பட்டையோடு சங்கிலியைச் சேர்த்துக் கட்டிவைக்காதீர்கள். இருக்கையிலிருந்து குதித்தால் அது சுருக்குக் கயிறாகிவிடும். சரிவில் நிறுத்தியிருந்தால் கைப்பிரேக்கை இழுப்பதோடு கியரிலும் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, நாயை உள்ளே விட்டுப் போகும் பழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். சைலன்சர் வழியே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. விடுதியின் மூடிய ஷெட்டிலோ, சைலன்சர் சுவரைப் பார்த்தபடியோ, புதரும் மண்மேடும் பின்னால் இருக்கும்படியோ நிறுத்திய காரில் அது உள்ளே திரும்பி வரும். நாய் சத்தமில்லாமல் தூங்குவது போலவே மயங்கும். மூடிய காருக்குள் கரிச் சட்டியில் கங்கு வைப்பதும் இதே காரணத்தால் உயிரைக் கொல்லும். மனிதர் உள்ளே இருந்தாலும் கூடாது. மின்சாரக் காரில் புகை இல்லை என்றாலும், பேட்டரி தீர்வதும் தானாக அணைவதும் நடக்கும். அதிலும் ஆள் இருக்க வேண்டும்.

மலையேற்றத்தில் ரேடியேட்டர் சூடேறிப் பொங்கி, கூலன்ட் ஒழுகுவது நம் சாலைகளில் சாதாரணமாக நடப்பது. பெரும்பாலான கூலன்ட்களில் எத்திலீன் கிளைகால் இருக்கிறது. அது இனிப்பானது, நாய் விரும்பி நக்கும், சிறிதளவே போதும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நாயை இறக்கும் முன் காரின் அடியைக் குனிந்து பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ ஈரம் தெரிந்தால் அந்தப் பக்கமே இறக்க வேண்டாம். நக்கிவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

குளிர் தாக்கியதை எப்படி அறிவது

முதலில் நாய் முனகும், ஓயாமல் இடம் மாறும், ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், பிறகு நடுங்கும். நடுக்கம் கெட்ட அறிகுறி அல்ல. உடல் இன்னும் போராடுகிறது என்பதற்கு அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்த நாய், சூடேற்றாமலேயே நடுக்கத்தை நிறுத்தி, மந்தமாகி, கூப்பிட்டால் தலையைத் தூக்காமல் இருந்தால் அதுதான் பயப்பட வேண்டிய நிலை. பல பேர் "அப்பாடா, அடங்கித் தூங்கிவிட்டது" என்று தவறாக நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். உதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் ஒருமுறை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருந்தாலும், நிறம் திரும்ப நேரமானாலும் தாமதிக்கக் கூடாது. தெர்மாமீட்டரின் நுனியில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்தால், நலமாக உள்ள நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும். 99க்குக் கீழே போனால் சூடேற்றத் தொடங்குங்கள். 95க்குக் கீழே என்றால் சூடேற்றிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். மனிதருக்கான தெர்மாமீட்டர் எண் எதுவும் காட்டாமல் 'லோ' என்று காட்டினால் கருவி கெட்டுவிட்டதாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். உடல் சூடு அது அளக்கக்கூடிய எல்லைக்கும் கீழே போயிருக்கலாம்.

சூடேற்றும் முறை

நனைந்திருந்தால் முதலில் துவட்டுங்கள். ஈரச் சட்டை இருந்தால் கழற்றுங்கள். அடியில் சாக்கு, மேலே காய்ந்த போர்வை என்று சுற்றி, இன்ஜினை ஓட்டி, ஹீட்டரை மிதமாக வைத்து, நீங்களும் உள்ளே அமர்ந்து நாயை மடியோடு அணைத்துக்கொள்ளுங்கள். மனித உடலின் சூடு மிகச் சரியான அளவிலான சூடு. இந்த நேரத்தில் கார் திறந்தவெளியில், சைலன்சருக்குப் பின்னால் தடை எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வையுங்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, நாய் விலகாது, அதனால் துண்டில்லாமல் வைத்தால் வெந்துவிடும். கால்களையும் காதுகளையும் பரபரவென்று தேய்ப்பது வேண்டாம். முதலில் சூடேற வேண்டியது நெஞ்சும் வயிறும். நினைவோடு இருந்து, தானாக விழுங்க முடிந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் கொடுக்கலாம். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

நம் ஊரில் நல்லெண்ணத்தோடு செய்யும் இரண்டு காரியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிருக்கு இதம் என்று ஒரு மூடி பிராந்தி கொடுப்பார்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே மிஞ்சியிருக்கும் சூட்டையும் வெளியேற்றும், நாய்க்கு அதுவே நஞ்சும்கூட. மூக்கிலும் நெஞ்சிலும் தைலம் தடவுவார்கள். அதிலுள்ள கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் நக்கினால் வலிப்பு வரை கொண்டு போகும். பாரசிட்டமால் முதலிய மனித மாத்திரைகளும் வேண்டாம். பூனைக்கு ஒரு பாரசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.

பூனையைக் கொண்டுபோவதாக இருந்தால் மூடிய கூடைக்குள், அடியில் துணி விரித்து, கூடையின் மூன்று பக்கம் போர்வை சுற்றி வையுங்கள். திறந்து விட்டால் குளிரில் டாஷ்போர்டுக்கு அடியிலோ பெடலுக்குப் பின்னாலோ ஒடுங்கிக்கொள்ளும். லவ் பேர்ட்ஸ் போன்ற கூண்டுப் பறவைகளை மலைக்குளிருக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

வேறொருவரின் காரில் தவிக்கும் நாயைக் கண்டால்

வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கொடுப்பவரிடமும், பக்கத்து உணவகத்திலும் சொல்லி உரிமையாளரைத் தேடச் சொல்லுங்கள். படகுக்குழாமாக இருந்தால் ஒலிபெருக்கியில் அறிவிக்கக் கேட்கலாம். நாய் அசைவற்றுக் கிடந்தால் 112க்கு அழைத்துக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். விலங்குக்குத் தேவையற்ற துன்பம் தருவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். உரிமையாளர் வந்ததும் சண்டை போடாமல், சாக்கையும் வெந்நீரையும் கொடுங்கள். எனக்கு அந்தத் தேநீர்க் கடை அம்மா அப்படித்தான் செய்தார்.

இறங்கி வரும்போது

மேலே போட்ட சட்டையோடும் போர்வையோடும் அப்படியே மதுரை வரை கொண்டுவருவது பலரும் செய்யும் தவறு. டம்டம் பாறையைத் தாண்டியதிலிருந்தே காற்று மாறத் தொடங்கும். காட்ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, தண்ணீர் வைத்து, ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள். அப்போதே கால் பாதங்களின் இடுக்குகளையும் காது நுனிகளையும் பாருங்கள். காது நுனியில் தோல் வெளுத்தோ கருத்தோ இருந்தால், அல்லது வீடு திரும்பிய இரண்டு நாளில் இருமலோ மூச்சிரைப்போ தெரிந்தால், மலையில் எத்தனை நேரம் காருக்குள் இருந்தது என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.